விசயதசமியன்று கணினி கேட்ட விடை

பதுளையிலுள்ள எங்கள் தோட்ட நிறுவனத்தின் மண்டல அலுவலகத்தில் இன்றும் ஒரு பழைய கணினி இயங்குகிறது. மேசைமேல் வைக்கத்தக்க சிறு கணினியும் அன்று. மண்டபம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும் பேருருவமும் அன்று. இடைத்தரமானது, இரும்பு அலுமாரி அளவு இருக்கும். கொழும்பிலிருந்து வரும் இளைஞர் அதனைக் கண்டதும் முதல் வேலையாகக் கைப்பேசியில் படம் பிடிப்பர். பின்னர்தான் எமக்கு வணக்கம் சொல்வர். எங்கள் தொழிற்சாலைகளில் உருவாகும் தேயிலை அனைத்தும் அதன் வழியாகவே ஏலத்துக்குச் செல்கிறது. ஓய்வு வயது கடந்த பின்னும் நிறுவனம் என்னை விட்டுவிடாமைக்குக் காரணம் என் புலமை அன்று. அவ்வியந்திரத்தோடு பேசத் தெரிந்தவர் அலுவலகத்தில் இருவரே. ஒருவன் நான், மற்றவர் ஹாலிஎலவிலிருந்து நாள்தோறும் வந்துபோகும் நிரலாளர். கிறித்தவக் குடும்பத்துப் பெண், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்து படித்து வந்தவர், குறைவாகப் பேசுவார், பேசினால் அதற்கு மறுமொழி கிடைப்பது அரிது.

இக்கணினியின் உள்ளத்துக்கு நாங்கள் இருவரும் பொறுப்பு என்றால், அதன் ஆன்மீகத்துக்குப் பொறுப்பானவர் எங்கள் தலைமை எழுதுனர். ஆண்டுதோறும் சரசுவதி பூசையன்று கணினிக்குச் சந்தனமிட்டு, குங்குமமிட்டு, கதம்ப மாலை சாத்தி ஓய்வளிப்பவர் அவரே. மறுநாள் விசயதசமியன்று நல்ல நேரம் பார்த்து அதனை மீண்டும் தொழிலில் இறக்குபவரும் அவரே. அன்று அது செய்யும் முதல் வேலை எதுவோ அதுவே ஆண்டு முழுவதும் செழிக்கும் என்பது அவர் கொள்கை. மேல்மாடியில் இருக்கும் சிங்கள முகாமையாளரும் இதில் தலையிடார். சித்திரைப் புத்தாண்டில் அடுப்பு மூட்டுவதற்கே நேரம் பார்ப்பவர் அவர். எழுதுனரின் பஞ்சாங்கத்தின் மீது அவருக்கு எம்மினும் பெரிய மதிப்பு.

நான் சொல்ல வந்த ஆண்டில், பூசைக்கு முன்னரே ஒரு மாற்றம் எங்களைத் தேடி வந்திருந்தது. ஏலத்துக்கு அனுப்பும் தேயிலையின் தரச்சான்று எண்ணும் இனிக் கோப்பில் இடம்பெற வேண்டும் என்றும், அதுவும் தேயிலை வகைக்கும் தயாரித்த நாளுக்கும் நடுவே இடம்பெற வேண்டும் என்றும் கொழும்பு கட்டளையிட்டிருந்தது. ஒரு கோப்பில் எந்தச் செய்தி எந்த இடத்தில் எத்தனை எழுத்து நீளத்தில் நிற்கும் என்னும் ஒழுங்கினையே பதிவமைப்பு என்கிறோம். நிரல் உருவாகும்போது அவ்வொழுங்கின் அடையாளத்தைத் தன்னுள் குறித்துக்கொள்ளும். பின்னர்க் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒவ்வாவிடின் வாயிலிலேயே நின்றுவிடும். ஆதலின் கோப்பை மாற்றினால் அதனைப் பயன்படுத்தும் நிரல்களையும் மறுபடி உருவாக்கியாக வேண்டும்; இதனையே தொகுத்தல் என்கிறோம்.

நான் ஒரு தொழிற்சாலையின் அச்சுப்பொறியைச் சீர்செய்யச் சென்றிருந்த பகற்பொழுதில் நிரலாளர் கோப்பை மாற்றி முடித்தார். நிரல்களைத் தொகுக்க அவர் கைவைத்த வேளையில் எழுதுனர் தாம்பாளத்தோடு வந்து நின்றார். மாலையில் நடக்கவேண்டிய பூசையைப் பஞ்சாங்கம் பகலுக்கு மாற்றிவிட்டதாம். இந்துவாக இருந்திருந்தால் நிரலாளர் அரைமணி நேரம் கேட்டு வாதாடியிருப்பார். பிறர் வழிபாட்டுக்கு இடையூறு செய்யலாகாது என்று வளர்க்கப்பட்டவராதலின், சொன்ன கணமே கையை எடுத்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது கணினி மாலையும் கழுத்துமாக இருந்தது. நிரலாளர் பொரியும் கடலையும் உண்டுகொண்டிருந்தார். காலையில் வந்ததும் முதல் வேலையாகத் தொகுத்துவிடுவோம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

அந்தக் காலையில் எங்களுக்கு முன்னரே ஒருவர் வந்து காத்திருப்பார் என்பதை நாங்கள் அறியோம். அவர் பெரகல சந்திக்கு மேலே உள்ள எங்கள் தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பவர். மலையகம் முழுவதும் அப்பதவிக்கு வழங்கும் பெயர் டீமேக்கர் என்பதே; அதற்கு நான் ஆக்கிய தூய தமிழ்ச்சொல்லைக் கேட்டு அவரே என்னை மன்னித்து அனுப்பியதால் நானும் அவ்வாறே எழுதுகிறேன். நெஞ்சளவு தாடி உடையவர். தொழிற்சாலைத் தூய்மை விதிப்படி தாடிக்கு உறை அணிய வேண்டுமாதலின், அவர் மனைவி வெள்ளைத் துணியில் பை ஒன்று தைத்துக் கொடுத்திருந்தார். காதுகளில் மாட்டிய அப்பையைக் கழற்ற மறந்து அவர் ஊரெல்லாம் திரிவதுண்டு. எதிர்மலைத் தொழிற்சாலையின் டீமேக்கர், பெரிய தேயிலைப் பையொன்று கடைவீதியில் நடந்து போவதாகச் சொல்லிச் சொல்லியே அதனை மண்டலம் முழுவதும் அறியச் செய்திருந்தார்.

தாடிக்குக் காரணமும் அந்த எதிர்மலைக்காரரே. முந்திய ஆண்டு கச்சான் காற்று வீசும் பருவத்தில், எங்கள் ஊவா மாகாணத் தேயிலைக்கு அதன் தனி மணம் வாய்க்கும் அச்சில வாரங்களில், எதிர்மலைத் தேயிலை ஏலத்தில் முதலிடம் பெற்றுவிட்டது. நம்மவர் நேரே கதிர்காமம் சென்று, ஊவாவில் தம் தேயிலைக்கு மேலே வேறொன்று நில்லாத நாள் வரும்வரை முகத்தில் சவரக்கத்தி படாது என்று நேர்ந்துகொண்டார். அவ்வாண்டுப் பருவம் முழுவதும் எதிர்மலையே முன்னின்றது. இடையில் அவருடைய மகளுக்கு ஐப்பசி இறுதியில் திருமணம் நிச்சயமாயிற்று. அந்தத் தாடியோடு மணவறைப் பக்கம் வரலாகாது என்று மகள் சொல்லிவிட்டாள். மனைவி அவ்வளவு தூரம் செல்லவில்லை; தாரை வார்க்கும் இடத்தில் தம் தம்பியை நிறுத்திக்கொள்வதாக மட்டும் சொன்னார்.

இந்நிலையில் பருவத்தின் கடைசிக் காற்று இரண்டு நாள் நன்றாக வீசியது. அதில் உருவான தேயிலை தம் வாழ்நாளிலேயே சிறந்தது என்று டீமேக்கர் நம்பினார். அதன் விவரம் விசயதசமியன்று மாலைக்குள் கொழும்பு ஏலப் பட்டியலுக்குச் சென்றால் பருவத் தேயிலைகளோடு விற்கப்படும். தவறினால் அடுத்த வாரத்து மழைத் தேயிலைக் கூட்டத்தில் சேரும். அங்கே நறுமணத்தைத் தேடி எவரும் விலை கேளார். தாடியும் இன்னோர் ஆண்டு வளரும். தம் தேயிலையே கணினியின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்று அவர் எழுதுனரிடம் வேண்டிக்கொண்டதும், அதற்காகப் பதுளையில் உறவினர் வீட்டில் இரவு தங்கியதும் எனக்குப் பின்னர்தான் தெரியவந்தன.

நான் அலுவலகத்துள் நுழைந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. எழுதுனரின் திரைக்கு முன்னே குத்துவிளக்கு எரிந்தது. அவரும் டீமேக்கரும் திரையை நோக்கிக் கைகட்டி நின்றார்கள். டீமேக்கர் தாடிப் பையைக் கழற்றவும் மறந்திருந்தார். எழுதுனர் தம் கையாலேயே ஏல நிரலை இயக்கியிருந்தார். பழைய ஒழுங்கை நினைவில் வைத்திருந்த நிரல், புதிய ஒழுங்கிலிருந்த கோப்பைக் கண்டு, பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. அத்தோடு ஒரு விடையையும் கேட்டுக் காத்திருந்தது. அவ்விடத்தில் அது நான்கு எழுத்துகளுள் ஒன்றினை ஏற்கும். நான்கிற்கும் பொருள் வேலையை ரத்துச் செய்தல் என்பதே. சாகுமுன் எவ்வளவு புலம்பி அச்சடிக்க வேண்டும் என்பதில் மட்டுமே அவற்றுள் வேறுபாடு.

நான் விளக்கினேன். எழுதுனர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

“விஜயதசமி அன்னைக்கு மெஷின் மொத மொதல்ல கேக்குற கேள்விக்கு, ரத்துன்னு நான் பதில் சொல்லமாட்டேங்க சேர். வருஷம் பூரா ரத்தாப் போகும்.”

அப்போது ஹாலிஎலப் பேருந்திலிருந்து இறங்கி நிரலாளர் வந்து சேர்ந்தார். நிலைமையைத் திரையில் பார்த்தே புரிந்துகொண்டார். தமக்கு விசயதசமி இல்லையாதலால் தாமே அந்த விசையை அழுத்திவிடுவதாகச் சொன்னார். எனக்கு அது நல்ல வழியாகவே பட்டது. எழுதுனர் விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டே மறுத்தார்.

“நீங்க வேதக்காரவங்க மிஸ், சரி. மெஷின் இந்து.”

கணினியும் நெற்றி நிறையச் சந்தனத்தோடு அவர் பக்கமே நின்றது. வேறொரு திரையிலிருந்து அந்த வேலையை முடித்துவிடும் ஆற்றல் எனக்கு உண்டு என்பதை நினைவூட்டினேன். கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருப்பவரைப் பின்னாலிருந்து குத்துவதற்குப் பெயர் கொலை என்றார் எழுதுனர். மேல்மாடிக்குச் சென்று முகாமையாளரிடம் முறையிட்டேன். நேரம் பற்றிய செய்தி என்றால் எழுதுனர் சொல்வதே சரி என்று அவர் எனக்குத் தேநீர் வரவழைத்துத் தந்தார். நான் இறங்கி வருவதற்குள் எழுதுனர் தம் திரைக்குப் பட்டுத் துணி போர்த்தி அதன்மேல் மாலையும் சாத்திவிட்டிருந்தார்.

டீமேக்கர் சும்மா இருக்கவில்லை. கொழும்பிலுள்ள பராமரிப்புப் பொறியாளரைக் கைப்பேசியில் பிடித்துவிட்டார். அந்த இளைஞர், ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையை நிறுத்திவைத்து வேறொரு திரையிலிருந்து இயக்கினால் நிரல் கேள்வி கேளாமல் ஓடும் என்று சொன்னார். சொன்னது பொய்யன்று. நிரல் ஓடும். ஆனால் எங்கே ஓடும் என்பதை அவர் சொல்லவில்லை. நிரலாளர் உதட்டைப் பிதுக்கினார். கொழும்புக்கு அனுப்பாமல் தாளில் மட்டும் அச்சிட்டுப் பார்ப்போம் என்று நான் சொல்ல, அவ்வாறே செய்தார்.

சோதனையின்றி ஓடும் நிரல் எத்தகையது என்பதைத் தோட்டத்தில் ஆளெடுக்கும் காலை வரிசையான பெரட்டில் நின்றவர் எளிதில் உணர்வர். காலை வரிசையில் நிற்பவர்களை முகம் பாராமல், நிற்கும் இடத்தை மட்டும் பார்த்துப் பேர் பதியும் கங்காணி ஒருவர் இருக்கிறார் என்க. வரிசையின் நடுவே புதியவர் ஒருவர் வந்து நின்றால், அவருக்கு அப்பால் நிற்கும் அனைவரும் அடுத்தவர் பெயரில் வேலைக்குப் போவர். இங்கும் அதுவே நிகழ்ந்தது. நடுவே புகுந்த சான்று எண் தயாரித்த நாளாயிற்று. தயாரித்த ஆண்டும் மாதமும் சேர்ந்து மூட்டைகளின் தொகையாயின. எஞ்சிய எண்கள் எடையின் இடத்தில் நெருக்கியடித்து நின்றன.

அச்சுப்பொறி கரகரத்து வெளியிட்ட தாளை டீமேக்கரே கிழித்தெடுத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் படித்தார். பிறகு தாளை என் முன்னே மெல்ல வைத்தார்.

“ஐயா, ரெண்டு லட்சம் மூட்டைன்னு வந்திருக்கு. ஊவா மலை அத்தனையும் மொட்டையடிச்சாலும் வராதுங்களே.”

மலையை விடுங்கள், முதலில் இவருக்கு மொட்டையடிக்க வழி பாருங்கள் என்று எழுதுனர் என் பக்கம் சாய்ந்து சொன்னார். தம்மால் விளைந்த தடையைத் தாமே பகடி செய்யும் அந்தத் துணிவு எனக்கு எரிச்சலூட்டியது. மூட்டை ஒன்றின் எடை கைப்பிடி அளவுக்கும் குறைவு என்பதை டீமேக்கர் அதன்பின்னர்தான் கவனித்தார். எதிர்மலைக்காரர் இதனைக் கண்டால் தமக்கு ஊரில் தாடியே போதாது, முகம் முழுவதும் மூடிக்கொள்ள வேண்டும் என்றார்.

ஆக, நேர்வழி ஒன்றே எஞ்சியது. சோதனையை மீண்டும் இயக்கிவிட்டு, நிரல்களைப் புதிய ஒழுங்குக்கேற்பத் தொகுக்க வேண்டும். நிரலாளர் தொகுக்க அமர்ந்தார்; கணினி மறுத்தது. பட்டுத் துணிக்குள் விடைக்காகக் காத்திருந்த அந்த முதல் வேலை, தனக்கு வேண்டிய கோப்புகளையெல்லாம் இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. அது விட்டாலன்றி வேறெவரும் அவற்றைத் தொட இயலாது. சுற்றிச் சுற்றி மீண்டும் அந்த ஓரெழுத்து விடைக்கே வந்து நின்றோம்.

நண்பகல் ஆயிற்று. எவரும் உணவுக்கு எழவில்லை. டீமேக்கரின் கைப்பேசி ஒலித்தது. மகள் பேசினாள். அவர் எழுந்து சன்னல் ஓரம் சென்று, முடிந்துவிடும், முடிந்துவிடும் என்று இருமுறை சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் திருமணப் பத்திரிகையில் போட அவருடைய படம் கேட்கிறார்களாம். தாடியோடு எடுத்ததை அனுப்பவா, பழைய படத்தை அனுப்பவா என்று கேட்டாளாம். அழைப்பு முடிந்த பின்னும் அவர் திரும்பவில்லை. சன்னலுக்கு வெளியே பதுளைப் பேருந்து நிலையத்தில் நடத்துனர்கள் கூவி ஆளேற்றுவதைப் பார்த்தபடி நின்றார். அதுவரை அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் எழுந்த சிரிப்பு அப்போது எழவில்லை.

எழுதுனருக்கும் அது தைத்திருக்க வேண்டும். அவர் கல்நெஞ்சர் அல்லர். தம் வாயால் சொன்னதிலிருந்து இறங்கி வர ஒரு படி தேடிக்கொண்டிருந்தார், படியைத்தான் காணவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டுவதும் மூடுவதுமாக இருந்தார்.

நிரலாளர் தம் உணவுப் பொட்டலத்தை அவிழ்த்துக்கொண்டே, யாரையும் நோக்காமல், இன்று வியாழன்தானே, ராகு காலம் எப்போது என்று கேட்டார். ஒன்றரைக்குத் தொடங்குகிறது என்று எழுதுனர் பஞ்சாங்கத்தைப் பாராமலே சொன்னார்.

“ராகு காலத்துல ஆரம்பிச்சது எதுவும் உருப்படாதுன்னு எங்க லயத்துல சொல்வாங்க. அப்ப ராகு காலத்துல ரத்துப் பண்ணினா, அந்த ரத்தும் உருப்படாதுங்களே?”

டீமேக்கர் சன்னலிலிருந்து மெல்லத் திரும்பினார். எழுதுனர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி அணிந்தார். அவர் அதனைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கொன்றில் எதிர்த்தரப்பு நல்லதோர் ஏற்பாட்டைச் சுட்டிக்காட்டியது போலவே எடுத்துக்கொண்டார். நல்ல நேரத்தில் நல்ல விடை வேண்டும். அல்லாத நேரத்தில் அல்லாத விடைக்குத் தடை என்ன? பலிக்காத நேரத்தில் சொன்ன ரத்து பலிக்காது. ஆண்டும் ரத்தாகாது. இதனை அவர் தமக்குத் தாமே இருமுறை சொல்லிப் பார்த்தார். பின்னர், தாமே இதைச் சொல்ல இருந்ததாகவும் மிஸ் முந்திக்கொண்டதாகவும் எங்களுக்கு அறிவித்தார்.

ராகு காலம் பிறக்கும்வரை அனைவரும் உண்டோம். அலுவலகமே வந்து சூழ்ந்துகொண்டது. முகாமையாளரும் மாடிப்படியில் நின்று பார்த்தார். உரிய நேரத்தில் எழுதுனர் பட்டுத் துணியை விலக்கினார். விளக்கை அமர்த்தினார், மங்கலம் எதுவும் கலந்துவிடக் கூடாதாம். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, நெடுநாள் பகைவரின் பெயரை எழுதுபவர் போல் ஒற்றை விரலால் அந்த எழுத்தை அழுத்தினார். அடக்கமாகப் புலம்பும் வகையைத்தான் தேர்ந்தெடுத்தார் என்பதை நான் கவனித்தேன். கணினி விடையை ஏற்றுக் கோப்புகளை விடுவித்தது.

ஆனால் அந்த நேரத்துக்குள்ளேயே நிரல்களைத் தொகுக்கத் தொடங்கலாமா என்பது அடுத்த கேள்வியாக எழுந்தது. தொகுத்தல் நேற்றே தொடங்கிவிட்டது, கை எடுத்ததுதான் இடைவேளை என்று நிரலாளர் சொல்லிவிட்டு, எழுதுனர் மறுமொழி தேடுவதற்குள் தொகுக்கலானார். பழைய இயந்திரமாதலின் ஒவ்வொரு நிரலுக்கும் நெடுநேரம் எடுத்துக்கொண்டது. எந்த நிரல் எந்தக் கோப்பைச் சார்ந்தது என்பதை நான் நினைவிலிருந்து சொல்ல, அவர் ஒவ்வொன்றாக முடித்தார். ஒன்றை நான் மறந்துவிட்டேன், கணினி மறக்கவில்லை, அங்கேயும் நின்று கேள்வி கேட்டது. இம்முறை நிரலாளர் எவரையும் கேளாமல் விடையளித்தார். எழுதுனர் அந்நேரம் பார்த்துத் தேநீர்க் கோப்பையைத் தேடச் சென்றிருந்தார்.

மாலையில் அச்சிட்ட தாளில் தேயிலையும் நாளும் மூட்டைகளும் தத்தம் இடத்தில் நின்றன. டீமேக்கர் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்து முடித்த பின்னரே அனுப்பச் சொன்னார். கொழும்பிலிருந்து பட்டியலில் சேர்ந்தது என்னும் செய்தி வந்ததும், தாடிப் பையைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெரகல செல்லும் கடைசிப் பேருந்துக்கு ஓடினார்.

ஏலம் நடந்த நாளில் எங்கள் அலுவலகத்தில் எவரும் வேலை செய்ததாக நினைவில்லை. முடிவு வந்தபோது ஒருவரும் எதிர்பாராதது நடந்திருந்தது. எதிர்மலையின் கடைசித் தேயிலையும் நம்மவரின் தேயிலையும் சரிக்குச் சரியாக ஒரே விலைக்குப் போயிருந்தன. இருவரும் முதலிடம். நேர்ந்துகொண்டது நிறைவேறியதா இல்லையா என்று டீமேக்கர் கைப்பேசியில் எழுதுனரைக் கேட்டார். எழுதுனர் பஞ்சாங்கத்தை எடுத்தார். சமநிலைக்கு அதில் விதி ஏதும் காணப்படவில்லை. எதிர்மலைக்காரரோ, பாதித் தாடியை மட்டும் எடுக்கலாம் என்று தமக்குச் சொல்லியனுப்பியிருப்பதாக டீமேக்கர் சொன்னார். அந்நேரம் அவர் மனைவி கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

“மேல யாரும் நிக்கக் கூடாதுன்னுதானே நேர்ந்தீங்க. பக்கத்துல நின்னா நின்னுட்டுப் போகட்டும். நாளைக்கு மொனராகலை பஸ்ஸுல ஏறுங்க.”

இது எங்களிடம் சொன்னதன்று, அவரிடம் சொன்னது, கைப்பேசி நடுவில் இருந்தமையால் எங்களுக்கும் கேட்டது. எழுதுனர் பஞ்சாங்கத்தை மூடி மேசையறையில் வைத்துவிட்டு, அதுவே சரி என்று எங்களுக்குத் தீர்ப்பளித்தார். மறுநாள் டீமேக்கர் மொனராகலைப் பேருந்தில் ஏறி, வழியில் வேறு பேருந்து மாறிக் கதிர்காமம் சென்று முடியிறக்கித் திரும்பினார்.

திருமணத்துக்கு நாங்கள் மூவரும் ஒன்றாகச் சென்றோம். மணவறையில் தாரை வார்க்க நின்றவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஓராண்டு வெயிலும் காற்றும் பட்ட நெற்றியும் கன்னமும் நல்ல கருங்காலி நிறத்தில் இருந்தன. தாடிக்குள் பதுங்கியிருந்த கீழ்ப்பாதி உரித்த கிழங்கு போல வெளுத்திருந்தது. மொட்டைத் தலை வேறு மூன்றாவதொரு நிறத்தில் மின்னியது. படம் பிடிப்பவர் மணமக்களை விட்டுவிட்டு அவருக்கே ஒளியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒப்பனை செய்ய வந்த பெண் மாவுப் பெட்டியோடு அவரைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்தப் பாதியை எந்தப் பாதிக்கு ஒப்ப ஆக்குவது என்று தெரியாமல் நின்றாள். நிரலாளர் அதனைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, பொருத்தமில்லைதான் சேர், ஆனால் இதற்குத் தொகுக்க நேரமில்லை என்று என் காதில் மெல்லச் சொன்னார்.

மகள் மட்டும் தலைகுனிந்திருக்க வேண்டிய நேரத்தில் நிமிர்ந்து தந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவரும் சிரித்தார், அப்போது வெள்ளைப் பாதி மட்டும் தனியே அசைந்தது. அவர் மனைவி எங்களுக்குச் சந்தனம் நீட்டிக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“இந்த ஏலத்த ரெண்டு மாசம் முந்தி வச்சிருக்கக் கூடாதா. வெயில்ல நிக்க வச்சாவது ஒரே கலராக் கொண்டுவந்திருப்பேன்.”